கண் மூடுவதற்குள் எதைப் பார்க்க ஆசை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“வருங்காலத்தில் எதைப் பார்க்க உங்களுக்கு ரொம்ப ஆசை?” கொஞ்ச நாளாக நண்பர்கள், உறவினர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று கையில் சிக்கியவர்களிடமெல்லாம் இந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொன்ன கையோடு அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்டவைதான் கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவை. ஒன்றிரண்டை நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

பொதுவாக எல்லோரும் என்ன சொல்கிறார்கள்?

யோசிக்காமல் வாயில் வருவது ஒரு பதில். செவ்வாயில் மனிதன், புற்றுநோய்க்கு முழு மருந்து, சண்டை இல்லாத உலகம், பறக்கும் கார். அதைக் கேட்டுவிட்டு நாம் ஒன்றும் பேசாமல் இருந்தால், கொஞ்சம் பொறுத்து இன்னொரு பதில் வரும். “பேத்தி படித்து முடிப்பதைப் பார்த்துவிட வேண்டும்.” “அண்ணனும் தம்பியும் மறுபடி பேசிக்கொள்வதைப் பார்க்க வேண்டும்.” ஒருவர், “முட்டி வலி இல்லாமல் எழுந்திருக்கும் ஒரே ஒரு காலையைப் பார்த்தால் போதும்” என்றார்.

முதல் பதிலில் “நடக்கணும்” என்ற சொல் வருகிறது. இரண்டாவதில் “பார்க்கணும்” வருகிறது. இதைக் கவனித்த பிறகுதான் எனக்கே இந்த விஷயத்தில் பிடிப்பு வந்தது.

நடக்க வேண்டும், பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுதானே?

அப்படித்தான் நானும் நினைத்தேன். பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ற நோய். அது ஒழிய வேண்டும் என்று ஆசைப்படாதவர் இருந்திருக்க முடியாது. ஒழிந்தும் போனது. ஆனால் அது ஒழிந்ததை யார் பார்த்தார்கள்?

1977 அக்டோபரில், சோமாலியாவின் மெர்கா நகரில், மருத்துவமனைச் சமையல்காரரான அலி மாவ் மாலின் என்ற இளைஞருக்குப் பெரியம்மை கண்டது. பிழைத்துக்கொண்டார். இயற்கையாகப் பரவிய பெரியம்மையில் அதுதான் கடைசி. கடைசி என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. அடுத்த நோயாளியைத் தேடித் தேடி, கிடைக்காமல் போய், 1980-ல்தான் உலகச் சுகாதார அமைப்பு நோய் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை, யாரும் வரவில்லை என்பதைத் தவிர. மாலின் பிற்காலத்தில் போலியோ ஒழிப்பு வேலையில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். 2013-ல் அந்த வேலையில் இருந்தபோதே மலேரியா வந்து இறந்துபோனார்.

ஓசோன் படலமும் இப்படித்தான். 1987-ல் மாண்ட்ரியலில் போட்ட ஒப்பந்தத்தால் ஓட்டை மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. அண்டார்டிகாவுக்கு மேலே அது 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்கிறார்கள். அன்றைக்கு அண்ணாந்து பார்த்தால் வானம் இன்றைக்கு இருக்கிற மாதிரியேதான் இருக்கும்.

நாம் மிக அதிகமாக விரும்புகிறவை பெரும்பாலும் ஏதோ ஒன்று இல்லாமல் போவதைப் பற்றியவை. இல்லாமல் போவதைக் கண்ணாரக் காண முடியாது. ஆகவே இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வேண்டுமென்றால் இரண்டு ஆசைகளையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்படியானால் அடுத்து எந்த நோய் இல்லாமல் போகும்?

நரம்புச் சிலந்தி என்றுதான் பந்தயம் கட்டுவேன். குடிக்கும் குளத்து நீரில் நுண்ணிய பூச்சிகளோடு சேர்ந்து உடம்புக்குள் போகும் புழு இது. சுமார் ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் கிளப்பி வெளியே வரும். ஒரு மீட்டர் நீளம் வரை இருக்கும். இழுத்தால் அறுந்துபோகும் என்பதால் ஒரு குச்சியில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. 1986-ல் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. 2024-ல் உலகம் முழுவதும் 15 பேர்.

இதைச் சாதித்தது பெரும்பாலும் துணி. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடி, புழு வெளியே வரும் காலோடு குளத்தில் இறங்காதே. இதை வீடு வீடாகப் போய்த் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அவ்வளவுதான். நாய்களுக்கும் இந்தப் புழு வருவது கண்டுபிடிக்கப்பட்டதால்தான் கடைசிச் சில படிகள் இழுத்துக்கொண்டே போகின்றன.

தேதி குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடியது ஏதாவது உண்டா?

வானம்தான். அங்கே மட்டும்தான் சொன்ன தேதிக்குச் சொன்னபடி நடக்கிறது.

2027 ஆகஸ்ட் 2 அன்று முழுச் சூரிய கிரகணம். ஸ்பெயினின் தெற்கு முனையைத் தொட்டு, வட ஆப்பிரிக்கா வழியாகச் சோமாலியா வரை நிழல் ஓடும். எகிப்தின் லக்சர் அருகே முழு மறைப்பு 6 நிமிடம் 20 விநாடியைத் தாண்டும். முழு கிரகணங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் இது ரொம்பவே நீளம். 99 சதவீதம் மறைந்தால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. போதாது. 99 சதவீதத்தில் வெளிச்சம் கொஞ்சம் மங்கி, அடர்த்தி இல்லாத ஒரு மாலைப்பொழுது மாதிரி இருக்கும். மிச்சம் ஒரு சதவீதமும் மறைந்தால்தான் சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி வெள்ளித் தலைமுடி மாதிரி ஒளிவட்டமும் தெரியும். பகலில் வெள்ளிக் கோள் முளைக்கும், குளிரும், பறவைகள் கூட்டுக்குத் திரும்பும். அந்தச் சில நிமிடங்கள் தவிர மற்ற நேரமெல்லாம் கிரகணக் கண்ணாடி இல்லாமல் பார்க்கவே கூடாது. நிலா ஆண்டுக்குச் சுமார் 3.8 செ.மீ. நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு அதன் வட்டம் சூரியனை மறைக்கப் போதாது. முழு கிரகணம் என்பதே இருக்காது. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை: அபோபிஸ் என்ற குறுங்கோள். குறுக்களவு சுமார் 340 மீட்டர். தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் கடந்து போகும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுற்றுவதே 36,000 கி.மீ. உயரத்தில். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் இருப்பவர்கள் வெறுங்கண்ணால், நகரும் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம்.

அது மோதிவிடாதா?

மோதாது. 2004-ல் கண்டுபிடித்த புதிதில் 2.7 சதவீத வாய்ப்பு என்று கணக்கு வந்து எல்லோரையும் பயமுறுத்தியது உண்மை. 2021-ல் ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு குறைந்தது 100 ஆண்டுகளுக்குப் பயமில்லை என்று உறுதிசெய்துவிட்டார்கள்.

ஹாலி வால்நட்சத்திரம் மறுபடி எப்போது?

2061 ஜூலை 28-ல் சூரியனுக்கு மிக அருகே வரும். 1986-ல் வந்தபோது சிறுபிள்ளையாக இருந்த பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். விடியற்காலையில் எழுப்பி, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், “அதோ பார்” என்று அப்பா காட்டிய திசையில் பஞ்சு ஒட்டியது மாதிரி என்னவோ தெரிந்தது, அல்லது தெரிந்ததாகச் சொல்லிவிட்டுப் போய்த் தூங்கிவிட்டோம். அந்தப் பிள்ளைகள் மேல் தப்பில்லை. அந்த முறை வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கிப் பிரகாசமாக இருந்த நேரத்தில் பூமி எதிர்ப்பக்கத்தில் இருந்தது. 2061-ல் இரண்டும் ஒரே பக்கம் இருக்கும். நன்றாகவே தெரியும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

1986-ல் 10 வயது என்றால் 2061-ல் 85. எட்மண்ட் ஹாலி இறந்ததும் 85 வயதில்தான். பழைய பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டு, இது 1758-ல் திரும்பி வரும் என்று 1705-ல் எழுதியவர் அவர். 1742-ல் போய்விட்டார். அவர் சொன்ன ஆண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1758 டிசம்பர் 25 இரவு, ஜெர்மனியில் பாலிட்ச் என்ற விவசாயி தன் தொலைநோக்கியில் அதை முதலில் கண்டார். கணக்குப் போட்டவருக்குக் கொடுப்பினை இல்லை, ஏர் பிடித்தவருக்கு இருந்தது.

திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகிறதாமே?

வெடிக்கும். வானியலில் “விரைவில்” என்பதற்கு ஒரு லட்சம் ஆண்டு என்றும் அர்த்தம் உண்டு. 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியபோது உலகமே பரபரத்தது. அது தானே கக்கிய தூசி மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. நம் பால்வீதியில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை மக்கள் வெறுங்கண்ணால் பரவலாகப் பார்த்தது கடைசியாக 1604-ல். தொலைநோக்கி வானத்தைப் பார்க்க ஆரம்பிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு. ஒரு நிமிடத்தில் தவறவிட்ட பஸ் மாதிரி.

வேற்றுக்கிரக உயிர்களைப் பார்ப்போமா?

கண்டுபிடிப்போமா என்றால், இருக்கலாம். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் என்ற விண்கலம் 2030-ல் வியாழனைச் சென்றடையும். வியாழனின் யூரோப்பா நிலவின் பனி ஓட்டுக்கு அடியில் இருக்கும் கடல் உயிர் வாழத் தகுந்ததா என்று பார்ப்பது அதன் வேலை. சனியின் டைட்டன் நிலவில் பறந்து பறந்து ஆராய டிராகன்ஃப்ளை என்ற கலம் 2028-ல் கிளம்பத் திட்டம். போய்ச் சேர 2034 ஆகும்.

பார்ப்போமா என்றால், நல்ல செய்தி வந்தாலும் அது ஒரு வரைபடத்தில் சின்ன மேடாகத்தான் வரும். ஏதோ ஒரு வாயு இருக்கக் கூடாத அளவில் இருக்கிறது என்பார்கள். மறுநாளே வேறொரு குழு, அதற்கு உயிர் தேவையில்லை, பாறையே போதும் என்பார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு பாடப்புத்தகத்தில் ஒரு வரி மாறும். எந்த நாளில் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது.

அளவில்லாத மின்சாரம், அதாவது அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவு?

2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவில் 192 லேசர்களை ஒரு மிளகளவு எரிபொருள்மேல் குவித்தார்கள். உள்ளே போனது 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். போட்டதைவிட அதிகம் வந்தது அதுதான் முதல் தடவை. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 3.15 மெகாஜூல் என்பது ஒரு யூனிட் மின்சாரத்தைவிடக் குறைவு. அந்த லேசர்களை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் செலவானது. பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐட்டர் உலை முழு அளவில் எரிபொருள் போட்டு ஓட 2039 ஆகும் என்று தேதியைத் தள்ளி வைத்திருக்கிறது. அது ஆய்வு உலைதான், வீட்டுக்கு மின்சாரம் தராது. இளவயதுக்காரர்கள் பார்க்கலாம். அப்போதும் பல்பு இன்று எரிகிற மாதிரியேதான் எரியும்!

பறக்கும் கார்?

ஒரு வண்டி அந்தரத்தில் நிற்க வேண்டுமென்றால் நிற்கும் நேரமெல்லாம் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இரைச்சல், ஆகவே பேட்டரி சீக்கிரம் காலி. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று வாங்கியதாக நினைத்துப் பாருங்கள், ஆசை தானாகத் தணிந்துவிடும்.

அழிந்துபோன விலங்குகள் திரும்ப வருமா?

மாமூத் என்ற அழிந்துபோன ரோம யானையைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வமில்லை. அழிந்து முடியாத ஒன்றைப் பற்றித்தான் ஆர்வம். வட வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. அதன் மகளும் பேத்தியும் மட்டும் மிச்சம். இரண்டாலும் கருச் சுமக்க முடியாது. சோதனைக்குழாயில் உருவாக்கிய கருக்களை உறைய வைத்திருக்கிறார்கள். வேறு வகைக் காண்டாமிருகத்தின் வயிற்றில் வைத்துப் பிறக்கச் செய்யும் முயற்சி நடக்கிறது. அந்தக் கன்று எழுந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும். இது “பார்க்கணும்” பட்டியல்.

எதிர்காலத்தில் பழையதைப் பார்க்க ஆசைப்படலாமா?

தாராளமாக! எனக்குப் பிடித்த பதில்களில் ஒன்று இதுதான். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் ஒரு மாளிகையின் நூலகம் அப்படியே கரியாகிப் புதைந்தது. 18-ஆம் நூற்றாண்டில் தோண்டி எடுத்தபோது அந்தச் சுருள்கள் அடுப்புக்கரி மாதிரி இருந்தன. பிரித்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தன. நூற்றுக்கணக்கானவை பிரிக்கப்படாமலே கிடந்தன. இப்போது அவற்றைத் தொடாமல் எக்ஸ்ரே படம் எடுத்து, கணினிக்குள்ளேயே பிரித்து, கரிமேல் கரியால் எழுதிய எழுத்தை அடையாளம் காண்கிறார்கள். 2023-ல் ஒரு கல்லூரி மாணவர் முதல் சொல்லைப் படித்தார். கிரேக்கத்தில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல். 2024 தொடக்கத்தில் 2,000 எழுத்துகளுக்கு மேல் வந்துவிட்டன. இசை, உணவு, இன்பம் பற்றி ஒரு தத்துவவாதி எழுதியது. ஏறத்தாழ 1,900 ஆண்டு யாரும் படிக்காதது.

சிந்துவெளி முத்திரைகளின் எழுத்தும் இந்த வரிசையில் சேர வேண்டியதுதான். ஆனால் அது வேறு மாதிரிச் சிக்கல். அங்கே எழுத்து கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, வாசிக்கத்தான் முடியவில்லை.

வருஷக்கணக்கில் காத்திருந்து கடைசியில் தவறவிட்டால்?

லெ ஜாந்தீயைவிட மோசமாக யாரும் தவறவிட்டிருக்க முடியாது. வெள்ளிக் கோள் சூரியனைக் குறுக்கே கடப்பது அபூர்வம். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும், பிறகு நூறு ஆண்டுக்கு மேல் வராது. அதை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கலாம். 1761-ல் அதை அளக்க இந்த பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வழியில் போர். புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் திரும்பியது. அந்த நாள் வந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது, வெள்ளி கடந்ததைக் கண்ணால் பார்த்தார். ஆடுகிற கப்பலில் அளக்க முடியவில்லை.

எட்டு ஆண்டுதானே என்று அங்கேயே இந்தியப் பெருங்கடல் பகுதியில் தங்கிவிட்டார். 1768-ல் புதுச்சேரி வந்து, ஆய்வகம் அமைத்து, எல்லாம் தயார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. ஊர் திரும்பிய 1771-ல் பார்த்தால் அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி, சொத்தைச் சொந்தக்காரர்கள் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் அவர் இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். 2012-ல் நாம் பலரும் அட்டைக் கண்ணாடியை வைத்து அந்தக் கறுப்புப் புள்ளியைச் சும்மா எட்டிப் பார்த்தோம். அடுத்தது 2117 டிசம்பரில்.

நமக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் ஒன்றைத் தொடங்கி வைப்பவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் 1879-ல் 20 பாட்டில்களில் மணலும் விதையும் போட்டு, வாயைக் கீழ்நோக்கி வைத்துப் புதைத்தார். விதை மண்ணுக்குள் எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்று பார்க்க. முதலில் ஐந்து ஆண்டுக்கு ஒன்று எடுத்தார்கள், பிறகு பத்து, இப்போது இருபது. இடம் ரகசியம். வரைபடம் ஒரு தலைமுறை கையிலிருந்து அடுத்த தலைமுறை கைக்குப் போகிறது. 2021-ல் விதைமேல் வெளிச்சம் படக் கூடாது என்பதற்காக இருட்டிலேயே போய்த் தோண்டினார்கள். 142 ஆண்டு புதைந்திருந்த விதைகளில் சில முளைத்தன. கடைசி பாட்டில் 2100-ல்.

சாகாமலே இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாதா?

உறுதியான பதிவுள்ளவர்களில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் ழான் கால்மான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. 122 வயதில், 1997-ல் இறந்தார். அந்த எல்லையை இன்னும் யாரும் தாண்டவில்லை. கடைசி ஆண்டுகளில் அவருக்குக் கண் ஏறக்குறைய தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண் என்றதும் என் பெரியம்மா ஞாபகம் வருகிறது. இந்தக் கேள்வியை அவரிடமும் கேட்டேன். அப்போது இரண்டு கண்ணிலும் புரை. “படுத்த இடத்திலிருந்து சுவரில் தேதி தெரிஞ்சா போதும்டா” என்றார். உலகில் பார்வை போவதற்கு முதல் காரணம் கண்புரைதான், சரிசெய்வதோ அரை மணி நேரத்துக்கும் குறைவான வேலை. அறுவை முடிந்து கட்டைப் பிரித்த அன்று நாங்கள் எல்லோரும் எதிரே போய் நின்றோம். அவர் எங்களைத் தாண்டி மேலே பார்த்தார். “ஏன்டா, இந்த ஃபேன்ல இவ்வளவு அழுக்கா? இத்தனை நாளா இதுக்குக் கீழயா படுத்திருந்தேன்?”

சரி, இப்போதே உட்கார்ந்து காத்திருக்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு கண்ணாடிப் புனல். உள்ளே தார் போன்ற ஒரு பொருள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி உடையும், ஆனால் உண்மையில் அது திரவம். இதை மாணவர்களுக்குக் காட்டத் தாமஸ் பார்னெல் 1927-ல் சூடாக்கி ஊற்றி வைத்தார். இதுவரை விழுந்தவை ஒன்பது துளிகள். முதல் எட்டில் ஒன்றுகூட விழும்போது யாரும் அங்கே நின்று பார்த்ததில்லை. ஜான் மெயின்ஸ்டோன் ஐம்பது ஆண்டுக்கு மேல் அதைக் காத்தார். 1988-ல் ஏதோ குடிக்கலாம் என்று ஐந்து நிமிடம் வெளியே போனார், துளி விழுந்துவிட்டது. 2000-ல் கேமரா வைத்தார், கேமரா கெட்டுப்போனது. 2013 ஆகஸ்டில் அவர் இறந்தார். ஒன்பதாவது துளி 2014 ஏப்ரலில்.

பத்தாவது தொங்கிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் நேரலை உண்டு, காசு கிடையாது. இதை எழுதும்போது பக்கத்துச் சன்னலில் திறந்து வைத்திருந்தேன். நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடிக்க எழுந்து போனேன், வந்து பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.